ரேட்டிங்கும் ரிட்டர்ன் லோடும்

மே 2

விளையாட்டில் சம்பளத்துக்கு ஆள் எடுக்கும்போது, ஒவ்வொரு டிரைவரின் பெயருக்குப் பக்கத்திலும் தசமப் புள்ளி வைத்த ஒரு சின்ன எண் நிற்கிறது. அதுதான் அவருடைய ரேட்டிங். அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்ததிலிருந்து எங்கள் முதலியார்பேட்டை வீட்டுக் கூடம் அவனுடைய லாரி கம்பெனி ஆகிவிட்டது. 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' என்கிற கணினி விளையாட்டு. பிராக் நகரத்து எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் 2012-இல் வெளியிட்டது, இன்றும் புதிது புதிதாக நாடுகளைச் சேர்த்துக்கொண்டே போகிறது. ஐரோப்பிய வரைபடத்தை ஏறத்தாழ பத்தொன்பதில் ஒரு பங்காகச் சுருக்கி அதில் சாலை போட்டிருக்கிறார்கள். முதலில் கூலிக்கு ஓட்ட வேண்டும், அப்புறம் சொந்தமாக ஒரு வண்டி, பிறகு ஷெட், பிறகு வேலைக்கு ஆள்.

மரப்பாலம் பக்கத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் நான் கணக்கு எழுதுகிறேன். டிரிப் ஷீட், டீசல் பில், பேட்டா, ஹால்டிங் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். எங்கள் டிரைவர்களுக்கு இப்படி எழுதிவைத்த எண் எதுவும் கிடையாது. "அந்த ஆளா, தங்கமான ஆளு", "அவனா, வேணாம்" என்று வாய்ச்சொல்லில்தான் ஓடுகிறது. அதனால் இந்த எண்ணை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை வந்தது.

மே 4

இன்று அவனை உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டேன். டிரைவரின் திறமையை ஆறாகப் பிரித்திருக்கிறார்கள்: நெடுந்தூர ஓட்டம், விலை கூடிய சரக்கு, உடையக்கூடிய சரக்கு, அவசர டெலிவரி, டீசல் சிக்கனம், அபாயகரமான சரக்கு. ஒவ்வொன்றிலும் ஆறு படி. வண்டி ஓட ஓட அனுபவப் புள்ளி சேரும். அது ஓர் அளவைத் தாண்டினால் நிலை ஒன்று ஏறும், ஏறும்போது ஒரு படி எடுத்துக்கொள்ளலாம். வேலைக்கு வைத்த டிரைவர் எதில் தேற வேண்டும் என்று முதலாளி சொல்லிவைக்கலாம். அந்தத் திறமைகள் கூடக்கூட ரேட்டிங்கும் ஏறும்.

அபாயகரமான சரக்கில் மட்டும் படிகளுக்குப் பதில் வகைகள்: வெடிபொருள், வாயு, எரியும் திரவம், எரியும் திடப்பொருள், நச்சு, அரிப்புப்பொருள். அனுமதி வாங்காத வகையை ஏற்றவே முடியாது. நிஜத்திலும் இதற்கென ஐரோப்பிய நாடுகள் 1957-இல் ஜெனீவாவில் செய்துகொண்ட ஒப்பந்தம் இருக்கிறது. நம் ஊரிலும் உண்டு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, அபாயகரமான சரக்கு ஓட்டுபவர் அதற்கான மூன்று நாள் பயிற்சி முடித்திருக்க வேண்டும். சாதாரண லாரி லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குச் செல்லும் என்றால், அபாயகரமான சரக்குக்கானது மூன்று ஆண்டுதான்.

அப்பா நாற்காலியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். டாரஸ் லாரியும் கடைசிக் காலத்தில் டிரெய்லரும் ஓட்டியவர். "நெடுந்தூரம்னா ஒரு படி, கண்ணாடி லோடுன்னா ஒரு படியா? பரவாயில்லையே. எங்க காலத்துல எல்லாத்துக்கும் ஒரே சம்பளம்தான்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

மே 7

விளையாட்டில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஓட்டக் குறிப்பு இருக்கிறது. எந்த ஊருக்கு என்ன லோடு, எவ்வளவு வரவு என்று வரிசையாக வரும். புது டிரைவர்களின் பட்டியலில் ஒன்றுவிட்டு ஒன்று 'சரக்கில்லாமல் திரும்பினார்' என்று நிற்கிறது. ரேட்டிங் ஏற ஏற அந்த வரி குறைகிறது. பையன் ஓர் ஆளைக் காட்டி, "இவன் வேஸ்ட்டு அத்தை, எப்பப் பாரு எம்ப்டியாவே வரான். தூக்கிடப் போறேன்" என்றான்.

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "டேய், எம்ப்டியா வரதுக்கு டிரைவர் இன்னாடா பண்ணுவான்?"

அதற்கப்புறம் அவர் பேசியதையெல்லாம் இங்கே எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ரிட்டர்ன் லோடு டிரைவர் கையில் இல்லை. போய்ச் சேர்ந்த ஊரில் சீசன் எப்படி, அங்கிருக்கும் புக்கிங் ஆபீஸ்காரருக்கும் நம் முதலாளிக்கும் பழக்கம் உண்டா, எத்தனை வண்டி ஏற்கெனவே வரிசையில் நிற்கிறது, வாடகை இறங்கிக் கிடக்கும்போது முதலாளி "வெயிட் பண்ணு" என்கிறாரா, "வந்துடு" என்கிறாரா, இதையெல்லாம் பொறுத்தது அது. வடக்கே போய் லோடு கிடைக்காமல் வண்டியிலேயே பொங்கித் தின்று கிடந்திருக்கிறார் அவர். அந்த நாட்களுக்குப் பேட்டா பாதிதான். ஊர் திரும்பினால் "ராசியில்லாத டிரைவர்" என்று ஒரு பெயர் வேறு. அந்தப் பெயர் அவருக்கும் ஒருமுறை வந்தது. ஒரு முதலாளி அதற்காகவே வண்டியை மாற்றிக் கொடுத்தார், பழைய வண்டியை.

விளையாட்டைச் செய்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கு ஏறுவதற்கு ஒரு ஏணி வேண்டும். டிரைவர் தேறினால் வருமானம் கூடும் என்று வைத்தால்தான் ஆட்டம் சுவைக்கும். ஆனால் சந்தையின் மந்தத்தை டிரைவர் கணக்கில் எழுதும் பழக்கம் நிஜ உலகத்தில் இந்த விளையாட்டுக்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அது ஓர் எண்ணாக உருமாறித் திரையில் வரும்போது, பதினான்கு வயதுப் பையன்கூட அதை நம்பி ஓர் ஆளை வேலையைவிட்டு அனுப்பத் தயாராகிவிடுகிறான். எனக்குக் கவலையாக இருந்தது அதுதான்.

மே 9

டெலிவரி முடிந்ததும் வரும் கணக்குத் திரையை இன்று நிதானமாகப் பார்த்தேன். ஓடிய தூரம், எடுத்த நேரம், குடித்த டீசல், சரக்குச் சேதம் எத்தனை சதவீதம், தாமதமா இல்லையா, எந்தத் திறமைக்கு எவ்வளவு புள்ளி என்று எல்லாம் பிரித்துப் பிரித்துக் காட்டுகிறார்கள். வரும்படியில் ஒரு யூரோ குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று தெரிந்துவிடுகிறது. அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. கணக்கு எழுதுகிறவளாகச் சொல்கிறேன், இது நேர்மையான ரசீது.

கடைசியில் வண்டியை நிறுத்துவதற்கும் புள்ளி உண்டு. சுலபமான இடம் கேட்டால் கொஞ்சம், ரிவர்ஸ் எடுத்துச் சந்தில் விட வேண்டிய இடம் கேட்டால் நிறைய, "எனக்கு முடியாது" என்று விட்டுவிட்டால் ஒன்றுமில்லை. பையன் கடினமானதைக் கேட்டுவிட்டுத் திணறினான். டிரெய்லர் ரிவர்ஸில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் பின்பகுதி இடப்பக்கம் போகும். அது கைக்குப் பழகும்வரை மூளை ஒத்துக்கொள்ளாது. அப்பா பின்னால் வந்து நின்றார். "வாலு எந்தப் பக்கம் போவணுமோ அதுக்கு எதிர்ல ஒடி. கொஞ்சம்தான். இப்ப நிமித்து. நிமித்துடா! வாலைத் தொரத்திக்கிட்டே பின்னாலயே போ." மஞ்சள் கட்டத்துக்குள் டிரெய்லர் நேராகப் போய் உட்கார்ந்து பச்சையானது. தாத்தாவும் பேரனும் ஒரே சமயத்தில் "ரைட்டு!" என்றார்கள்.

அப்பாவுக்கு அப்புறம் ஒரு சந்தேகம். "பின்னால கிளீனர் இல்லியா?" விளையாட்டில் கிளீனர் கிடையாது. நிஜத்தில் கிளீனர் இறங்கி, பாடியைத் தட்டித் தட்டி "வரலாம், வரலாம்" என்று சொல்லித்தான் பாதி ரிவர்ஸ் நடக்கிறது. தார்பாய் கட்டுவது, ராத்திரியில் டீசல் திருட்டுப் போகாமல் காவல் கிடப்பது எல்லாம் அந்தக் கிளீனர்தான். நல்ல டிரைவர் என்று பெயர் எடுத்த எவருக்கும் பின்னால் ஒரு நல்ல கிளீனர் இருந்திருப்பார் என்பது அப்பாவின் கட்சி. இப்போது கிளீனர் இல்லாமலே நிறைய வண்டிகள் ஓடுகின்றன. அந்த இரண்டு கண்களும் போன பிறகு டிரைவரிடம் எதிர்பார்ப்பது மட்டும் குறையவில்லை.

மே 12

அப்பாவின் பழைய நண்பர் ஒருவருக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. துணைக்குப் போனேன். புதுச்சேரிப் போக்குவரத்துத் துறை அலுவலகம் நம் முதலியார்பேட்டையில், நூறடி ரோட்டில்தான் இருக்கிறது. கனரக வண்டி ஓட்டுபவருக்கு மருத்துவச் சான்றும் கட்டாயம்.

வரிசையில் நிற்கும்போது யோசித்தேன். நம் நாட்டில் டிரைவரைப் பற்றி அரசு வைத்திருக்கும் ஒரே மதிப்பீடு இந்த லைசென்ஸ்தான். அதில் தவறு மட்டுமே பதிவாகும். அதிவேகம், சிவப்பு விளக்கு மீறல், போதை, ஓட்டும்போது செல்பேசி, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல், ஓவர்லோடு ஆகியவற்றுக்கு லைசென்ஸை மூன்று மாதமாவது முடக்க வேண்டும் என்று சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-இல் மாநிலங்களுக்குச் சொன்னது. இவற்றில் ஓவர்லோடை நினைத்துப் பார்க்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு அபராதம் 20,000 ரூபாய், மேற்கொண்டு ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்பவர் முதலாளி அல்லது சரக்குக்காரர். மாட்டேன் என்று சொல்லும் டிரைவருக்கு அடுத்த டிரிப் கிடைப்பது கஷ்டம். முடங்கும் லைசென்ஸ் மட்டும் டிரைவருடையது.

நண்பர் நாற்பது வருடத்துக்கு மேல் ஓட்டியவர், ஒருவரையும் இடித்ததில்லை. அதைச் சொல்லும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. திரும்பி வரும்போது ஏ.எஃப்.டி. ரயில்வே கேட் மூடியிருந்தது. கடலூர் ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. முன்னால் நின்ற வண்டியின் டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த டீசல் மிச்சத்தை யார் பார்த்தார்கள்?

மே 15

பையன் இன்று நண்பர்களோடு ஒன்றாகச் சேர்ந்து ஓட்டினான். 2021-இல் வந்த 'கான்வாய்' வசதியில் எட்டுப் பேர் ஒரே சாலையில் போகலாம். அதற்கும் முன்னால், 2014-லிருந்து, ரசிகர்களே நடத்தும் 'டிரக்கர்ஸ் எம்.பி.' என்ற அமைப்பு இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் ஓட்டுகிறார்கள். வேண்டுமென்றே வந்து மோதுகிறவர்களும் வருவார்கள். அப்போது என்ன செய்வது என்று கேட்டேன்.

அவன் சொன்ன முறை எனக்குப் பிடித்தது. மோதியவர்மீது புகார் செய்யலாம், ஆனால் வீடியோ ஆதாரம் வேண்டும். தன்னார்வ நடுவர் ஒருவர் அதைப் பார்த்து முடிவு செய்கிறார். தடை விதித்தால் காரணம் எழுதப்படும். தடை வாங்கியவர் மேல்முறையீடு செய்யலாம்.

இதைப் பிழைப்புக்காக ஓட்டுகிறவர்களின் நிலையோடு வைத்துப் பார்க்கிறேன். ஊபரில் டிரைவரின் நட்சத்திரம் என்பது கடைசி 500 மதிப்பீடுகளின் சராசரி. யார் குறைத்தார் என்று டிரைவருக்குத் தெரியாது. மழையில் சாலை மறித்திருந்ததற்காகக் குறைத்தாரா, ஏ.சி. போதவில்லை என்றா, தவறான இடத்தில் அவரே நின்றுகொண்டு கோபப்பட்டாரா? எல்லாம் ஒரே சராசரியில் கரைந்துவிடும். அந்த எண் ஓர் அளவுக்குக் கீழே போனால் கணக்கே முடங்கலாம். விளையாட்டில் கிடைக்கும் விசாரணை பிழைப்பில் கிடைப்பதில்லை.

இது மாறத் தொடங்கியிருக்கிறது. கர்நாடகத்தின் 2025-ஆம் ஆண்டு கிக் தொழிலாளர் சட்டம், தானியங்கிக் கண்காணிப்பும் முடிவெடுக்கும் முறையும் எப்படி வேலை செய்கின்றன என்று தொழிலாளிக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. எழுத்துமூலம் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் இல்லாமல் ஒருவரை நீக்கக் கூடாது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய ஆணை, ஒருவரை நீக்கும் முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும் என்கிறது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பருக்குள் அதைத் தங்கள் சட்டத்தில் கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டில் 2023-இல் கிக் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. நலவாரியம் விபத்துக்கும் நோய்க்கும் கை கொடுக்கும். மதிப்பெண்ணை எதிர்த்துக் கேட்கும் உரிமை அதைத் தாண்டிய ஒன்று. அதையும் நாம் கேட்டு வாங்க வேண்டும்.

மே 18

லாரித் தொழிலுக்கும் இப்படி எண் போடும் வழக்கம் வந்துகொண்டிருக்கிறது. ஜி.பி.எஸ். பொருத்திய வண்டிகளில் திடீர் பிரேக், அதிவேகம், இஞ்சினை ஓடவிட்டு நிற்பது எல்லாம் பதிவாகி, மாதக் கடைசியில் டிரைவருக்கு ஓர் எண் போடுகிறார்கள். திடீர் பிரேக் என்றால் குறுக்கே ஆடு ஓடியிருக்கலாம், ஒரு குழந்தையே ஓடியிருக்கலாம். அந்தப் பிரேக்குக்கு மதிப்பெண் குறைப்பது எவ்வளவு பெரிய அநியாயம்! எங்கள் ஆபீஸிலும் அந்தக் கருவி பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. நான் எண் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. வாய்ச்சொல்லைவிட எழுதிவைத்த கணக்கு நல்லது. அப்பாவுக்கு "ராசியில்லாதவர்" என்ற பெயர் எந்தத் தாளிலும் இல்லாததால்தான் அதை எதிர்த்து அவரால் வாதாட முடியவில்லை.

ஆனால் எண் போடுவதென்றால் முறை வேண்டும். டிரைவர் கையில் இருப்பதற்கு மட்டும் எண் போட வேண்டும். ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று அந்த விளையாட்டின் கணக்குத் திரையைப் போலப் பிரித்துக் காட்ட வேண்டும். டிரைவர் தன் பக்கத்தைச் சொல்ல இடம் வேண்டும், அதை ஒரு மனிதர் படிக்க வேண்டும்.

இன்று எங்கள் டிரிப் ஷீட்டில் புதிதாகச் சில கட்டங்கள் வரைந்து முதலாளியிடம் கொடுத்தேன். லோடு ஏற்ற எத்தனை மணி நேரம் காத்திருந்தார், இறக்க எத்தனை மணி நேரம், எம்ப்டியாகத் திரும்பினால் அதை முடிவு செய்தது யார், எடை போட்ட சீட்டு எண், கடைசியில் 'டிரைவர் சொல்வது' என்று நான்கு வரி இடம், அதன் கீழே அவர் கையெழுத்து. ஓட்டுபவருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனால் நடுவில் அரை மணியாவது ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. காத்திருந்த நேரத்தை எழுதாத வரை அந்த எட்டு மணி நேரத்தை எவராலும் கணக்கிட முடியாது என்று முதலாளியிடம் எடுத்துச் சொன்னேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு வண்டிக்குப் போட்டுப் பாரும்மா, அப்புறம் எல்லாத்துக்கும் அடிச்சிக்கலாம்" என்றார். நாளை காலையில் விஜயவாடா போகும் வண்டிக்கு முதல் தாளைக் கொடுக்கிறேன்.