வாராத உப்பு

மலருக்கு ஏதாவது எழுது என்றதும் கவிதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. அதனால் எங்கள் ஊர் உப்பைப் பற்றி எழுதுகிறேன்.

என் ஊர் மரக்காணம். கழுவெளிப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம்தான். அப்பா அங்கே கூலிக்கு உப்பு வாருகிறவர். தை பிறந்து பாத்தி கட்டினால் ஐப்பசி மழை வரும்வரை வேலை.

கடல் நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. அது வெயிலில் சுண்டி, போமே மானியில் 25 டிகிரி காட்டும்போது உப்பு படியத் தொடங்கும். 29-ஐத் தாண்டினால் கசப்பு சேரும். இது நான் படித்தது. அப்பா தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

நான் முதலாமாண்டு முடித்த மே மாதம். "சாயங்காலம் வந்து ஒரு கை குடுடா, வானம் சரியில்ல" என்றார். "கோடையில ஏதுப்பா மழை?" என்று சொல்லிவிட்டு, திண்டிவனத்துக்குப் படம் பார்க்கப் போய்விட்டேன். ராத்திரி கொட்டித் தீர்த்தது. விடிந்து போய்ப் பார்த்தால், நேற்று வெள்ளை வெளேரென்று கிடந்த பாத்தி வெறும் தண்ணீர். வாரிக் குவித்து, கீற்றுப் போட்டு மூடியது மட்டும் தப்பித்தது.

அப்பா திட்டவில்லை. "உப்பு எங்கயும் ஓடலடா. தண்ணிக்குள்ளதான் இருக்கு. வெயில் வரட்டும்" என்றார். மறுபடி உப்பு படியப் பத்து நாளுக்கு மேல் ஆனது. வாரினால்தான் கூலி. என் கட்டணத்துக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது.

பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். குளிர் நாட்டில் பறிக்காத ஆப்பிள் மரத்திலேயே உறைந்துவிடுமாம். அப்போது கை வைத்தால் கன்றிப்போகும். லேசாக உறைந்ததென்றால், மரத்திலேயே இளகவிட்டுப் பறித்தால் தேறும். கடுமையாக உறைந்தால் வீண்தான். காஷ்மீரில் 2018 நவம்பர்த் தொடக்கத்தில் பெய்த பனியில் மரங்களே முறிந்து விழுந்தன.

எங்களுக்கும் அதே கதைதான். கோடை மழை என்றால் காத்திருக்கலாம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது உப்பளமெல்லாம் வெள்ளக்காடு. வெள்ளத்தோடு போன உப்பு எந்த வெயிலுக்கும் திரும்பாது.

இப்போது விடுமுறையில் அப்பா கூப்பிடுமுன்பே பலகையோடு நிற்கிறேன். தோடு இன்னும் மீளவில்லை. டிப்ளமோ முடித்து வாங்கும் முதல் சம்பளம் அதற்குத்தான்.