தரங்கம்பாடியில் எடுத்த படங்கள்

செவ்வாய்க்கிழமை மாலை, தரங்கம்பாடி

காரைக்காலிலிருந்து பொறையாறு வழியாக வந்து, 1792-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற வெண்ணிற நகரவாயிலின் முன்னே இறங்கியபோது வெயில் தணிந்திருந்தது. லெந்து காலத்தின் ஒரு வாரத்தையேனும் சுவிசேஷம் முதன்முதல் வேரூன்றிய ஸ்தலங்களைப் படம் பிடிப்பதிலும், பிடித்த படங்களின் முன்னே இரவில் அமர்ந்து தியானிப்பதிலும் செலவிட வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம். வாயிலைக் கடந்து ராஜ வீதி வழியே நேரே நடந்தால் கடல்; வழியின் இருபுறமும் ஆலயங்களும் பழைய மாளிகைகளும் நிற்கின்றன.

இருட்டுமுன் கடற்கரைக்குச் சென்று மாசிலாமணிநாதர் கோயிலைப் படம் எடுத்தேன். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்த அக்கோயிலின் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சிய பகுதியை அலைகளிடமிருந்து காக்கக் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இவ்வூரில் சுவிசேஷப் பணியைத் தொடங்கிய சீகன்பால்க் ஐயர் 1707-இல் கட்டிய முதல் ஆலயத்தையும் இதே கடல்தான் அழித்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் இவ்வூர் மீனவக் குடும்பங்களை அது என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். பிறருடைய வழிபாட்டு ஸ்தலம் இடிந்து நிற்பதைக் காணும் கிறிஸ்தவன் மனத்தில் துயரமன்றி வேறு எவ்வுணர்ச்சி எழுந்தாலும் அவன் தன் ஆண்டவரைச் சரிவர அறியவில்லை என்றே சொல்வேன்.

புதன்கிழமை

காலை முழுவதும் டேனிஷ் கோட்டையில் கழிந்தது. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-இல் டேனியர் எழுப்பிய டான்ஸ்பர்க் கோட்டை இது. மிளகும் துணியும் வாங்கிக் கப்பலேற்றும் வியாபாரத்திற்காகவே இது தோன்றியது. 1845-இல் ஆங்கிலக் கம்பெனியாருக்கு விலையாகப் போகும் வரையில் அந்த நோக்கம் மாறவில்லை. வாங்குவதும் விற்பதுமே கண்ணாயிருந்த இம்மதிலுக்குள் வேதம் எப்படி நுழைந்தது என்பதே என்னைப் பெரிதும் ஆட்கொண்ட விஷயம்.

டென்மார்க்கு வேந்தர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, சீகன்பால்க் ஐயரும் புளூச்சோ ஐயரும் 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் இக்கரையில் இறங்கினார்கள். இருவரும் ஜெர்மானியர். வேந்தரின் கட்டளையோடு வந்தவர்களே ஆயினும், கோட்டையின் அதிபதி அவர்களை விரும்பவில்லை. வணிகத்திற்கு இடையூறாக வந்தவர்கள் என்றே கருதினார். 1708-ஆம் ஆண்டு நவம்பரில் சீகன்பால்க் ஐயர் இக்கோட்டைக்குள்ளேயே சிறை வைக்கப்பட்டு, நான்கு மாதங்கள் அடைபட்டிருந்தார். அவரை அடைத்து வைத்தவர்களும் ஞாயிறுதோறும் ஆலயத்திற்குச் சென்று அதே பிதாவை, அதே குமாரனை, அதே பரிசுத்த ஆவியானவரைத் தொழுதவர்களே என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

கீழ்த்தளத்தில் வளைந்த கூரையுடைய அறைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் வாயிலில் நின்று, உள்ளே விழும் ஒற்றைச் சாளரத்து வெளிச்சத்தைப் படமாக எடுத்தேன். கோட்டையைக் கடலோடு சேர்த்துக் கம்பீரமாகக் காட்டும் படங்கள் எத்தனையோ எடுத்திருக்க, இன்றிரவு நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது இந்த இருண்ட படத்தைத்தான். மேல்தளம் அதிபதியின் வாசஸ்தலம், கீழ்த்தளம் பண்டகசாலையும் சிறையும். அதிபதியின் தலைக்கு மேலே டேனிஷ் கொடி பறந்தது. சிறைப்பட்டவரோ தம் தனிமையை வீணாக்காமல், காகிதமும் மையும் கிடைத்தபின் கிறிஸ்தவ வாழ்வைப் பற்றியும் போதகப் பணியைப் பற்றியும் நூல்கள் எழுதினார். அதிகாரத்தோடு கப்பலேறி வந்த சுவிசேஷம் அதிகாரத்தின் கையாலேயே கட்டுண்டதனால் அல்லவோ, அது டேனிஷ் கம்பெனியின் சரக்குகளில் ஒன்றல்ல என்பது இவ்வூர் மக்களுக்கு விளங்கியிருக்கும்!

வியாழக்கிழமை

இன்று சீயோன் ஆலயம். 1701-இல் டேனியர் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட ஆலயம். பார்வைக்கு எளியது, உயர்ந்த கோபுரமோ வண்ணக் கண்ணாடிகளின் விசேஷமோ தேடி வருபவர் சில நிமிஷங்களில் திரும்பிவிடுவர். நான் மதியம் வரையில் திரும்பவில்லை.

1707-ஆம் ஆண்டு மே மாதத்தில், இந்த ஆலயத்திலே ஐவர் ஞானஸ்நானம் பெற்றார்கள். டேனியர் வீடுகளில் அடிமைகளாயிருந்தவர்கள் அவர்கள். நம் நாட்டுப் புரொட்டஸ்டண்டு சபையின் தலைமக்கள் என்று போற்றத் தக்க அந்த ஐவரும் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள். அவர்களை வாங்கியவர்கள் இதே ஆலயத்தில் முன்வரிசையில் அமர்ந்திருந்த கிறிஸ்தவர்கள். நீர் வார்க்கப்பட்ட அன்று மாலை அந்த ஐவர் எங்கே சென்றிருப்பார்கள்? தம் எஜமானர்களின் சமையற்கட்டுக்கும் தொழுவத்துக்குமே சென்றிருப்பார்கள். காலையில் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று அறிவிக்கப்பட்டவர்கள், மாலையில் ஒருவன் உடையவனும் மற்றவன் உடைமையுமாகப் பிரிந்து போனார்கள்.

பவுல் அப்போஸ்தலன் பிலேமோனுக்கு எழுதிய சின்னஞ்சிறு நிருபத்தை இன்று ஆலயத்தின் உள்ளேயே அமர்ந்து முழுவதும் படித்தேன். ஓடிப்போன ஒநேசிமுவை இனி அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்று அவர் கேட்கிறார். இந்நிருபம் அக்காலத்தில் இங்கு வாசிக்கப்படாமல் இருந்திருக்காது. வாசித்தவர் குரலும் கேட்டவர் செவியும் இருந்தன; இருந்தும் உள்ளத்தின் கதவு திறக்கவில்லை. இதை எழுதும்போது முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட டேனியரை மாத்திரம் நான் குறை கூறவில்லை. ஒரே அப்பத்தில் பங்குபெற்றுவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் ஜாதிக்கு ஒரு பகுதி பிரித்துக்கொள்ளும் சபைகள் நம் தேசத்தில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் பீடத்தருகேயும் இந்த நிருபம் தோலட்டை வேதப்புத்தகத்தில் பத்திரமாகக் கிடக்கிறது.

அந்த ஐவரின் உருவத்தைக் காட்டும் சித்திரமோ சிலையோ இவ்வாலயத்தில் நான் காணவில்லை. ஆகையால் அவர்கள் நின்றிருக்கக்கூடிய தரையையும், பீடத்தை நோக்கிய நடைபாதையையும், வாசற்படியையும் படம் எடுத்தேன். கோயில்பிள்ளை அருகில் வந்து, "எல்லாரும் வெளித்தோற்றத்தைத்தானே எடுப்பாங்க, நீங்க என்னங்கய்யா தரையை எடுக்கிறீங்க?" என்று கேட்டார். ஐவரின் செய்தியைச் சொன்னேன். சிறிது நேரம் நின்றவர், விளக்குமாற்றைக் கொண்டுவந்து நடைபாதையை ஒரு முறை கூட்டிவிட்டு, "இப்போ எடுங்கய்யா" என்றார்.

வெள்ளிக்கிழமை

புதிய ஜெருசலேம் ஆலயத்தின் முகப்பில் பிரெடரிக் வேந்தரின் முடியும் முத்திரையும், அவற்றோடு 1718 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சிலுவை வடிவில் அமைந்த இந்த ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த மறு ஆண்டே, 1719 பிப்ரவரியில், சீகன்பால்க் ஐயர் முப்பத்தாறு வயதில் தேவனடி சேர்ந்தார். பீடத்தருகே அடக்கம் பெற்றிருக்கிறார். முகப்பைப் படம் எடுக்க வருகிறவர்கள் பலர். எனக்கும் அப்படம் நன்றாகவே வந்தது. ஆயினும் முடியைக் காட்டும் கல்லைவிட, 1733-இல் இவ்வூரில் குருப்பட்டம் பெற்ற ஆரோன் ஐயரைப் பற்றியே என் மனம் எண்ணிக்கொண்டிருந்தது. கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்தவர் அவர். இந்தியரில் முதல் புரொட்டஸ்டண்டு குருவானவர். நம் சபைப் பிள்ளைகளிடம் சீகன்பால்க் யார் என்று கேட்டால் விடை வருகிறது. ஆரோன் யார் என்று கேட்டால் மோசேயின் அண்ணன் என்கிறார்கள்.

அச்சுக்கூடத்தின் நினைவும் இங்கே வராமல் இராது. இலண்டனிலிருந்து 1712-இல் அச்சு இயந்திரம் வந்தது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு மறு ஆண்டு வந்து சேர்ந்தன. அவை மிகவும் பெரியனவாயிருந்து காகிதத்தைத் தின்றபடியால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். காகித ஆலை ஒன்றும் பொறையாற்றில் ஏற்பட்டது. 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. அதன் முகப்பேட்டைப் பார்க்கும் எவரும் மொழிபெயர்த்த சீகன்பால்க் ஐயரை நினைப்பர்; நினைக்க வேண்டியதே. அவருக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்தவரோ எழுபது வயதான ஒரு திண்ணைப்பள்ளி ஆசிரியர். அவர் முன்னே சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார் ஐயர். அந்த மணலைப் படம் பிடிக்க எந்தக் காமிராவாலும் ஆகாது. என்றாலும் தமிழ் வேதாகமத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தால், ஹாலேயிலிருந்து அன்று, அந்த மணலிலிருந்தே தொடங்குவேன்.

ஞாயிற்றுக்கிழமை, தஞ்சை

காலை ஆராதனைக்குப் பின் சிவகங்கைப் பூங்காவை ஒட்டியிருக்கும் சுவார்ட்ஸ் ஆலயத்திற்குச் சென்றேன். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த சுவார்ட்ஸ் ஐயர் 1798-இல் இந்நகரில் மறைந்தபின், தம் ஆசானின் நினைவாக மன்னர் சரபோஜி இங்கிலாந்தின் சிற்பி பிளாக்ஸ்மன் கையால் செதுக்குவித்த பளிங்குச் சிற்பம் உள்ளே இருக்கிறது. மரணப் படுக்கையில் ஐயர்; அவர் கையைப் பற்றி நிற்கும் மன்னர்; ஒரு பக்கத்தில் பள்ளிச் சிறுவர்கள். இந்து மன்னர் ஒருவர் தம் கிறிஸ்தவ ஆசானுக்குச் செய்த இந்த மரியாதையைப் போன்ற ஒன்றை நம் சரித்திரத்தில் நான் வேறு கண்டதில்லை. இவ்வளவு அன்புக்குரியவராக அவர் வாழ்ந்தார் என்பதைத் தர்க்கத்தால் நிலைநாட்ட வேண்டிய அவசியமே இல்லாதபடி அந்தக் கல் நிற்கிறது.

முழுச் சிற்பத்தையும் எடுத்தபின், சிறுவர்களை மாத்திரம் தனியே அணுகி ஒரு படம் எடுத்தேன். சிற்பி அவர்களுக்கும் முகம் கொடுத்திருக்கிறார், துக்கம் கொடுத்திருக்கிறார். சீயோன் ஆலயத்தின் ஐவருக்கு இந்த அளவுகூடக் கிட்டவில்லை.

இரவு விடுதியில் எங்கள் சபைக் குருவானவருக்குக் கடிதம் ஒன்று தொடங்கியிருக்கிறேன். அன்புள்ள ஐயரவர்களுக்கு என்று ஆரம்பித்து, வருகிற மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஐவருக்காக ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுக்கும்படியும், அன்று பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தையே பாடமாக வாசிக்கும்படியும் வேண்டியிருக்கிறேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலுள்ள குறுக்குச் சுவரைப் பற்றி அடுத்த பக்கத்தில் எழுத வேண்டும்.