21ஆம் தேதிச் சந்தை

கியோட்டோவின் தோஜி கோயிலில் ஐந்தடுக்குக் கோபுரம் ஒன்று நிற்கிறது. உயரம் 55 மீட்டர். ஜப்பானில் மரத்தால் கட்டிய கோபுரங்களில் அதைவிட உயரமானது கிடையாது. இன்று அதை அண்ணாந்து பார்க்க ஆளில்லை. கோபோ தாய்ஷி என்ற துறவி மறைந்த நாளை ஒட்டி, மாதம் தவறாமல் 21ஆம் தேதி கோயில் வளாகத்தில் சந்தை கூடுகிறது. ஊறுகாய், இரும்புக் கெண்டி, தொட்டிச் செடி, ஓடாத கடிகாரம். எல்லாக் கண்களும் தரையில்தான்.

பழைய கிமோனோ கடைக்கு எதிரே கல்திட்டில் எனக்கு இடம் கிடைத்தது. கடை என்றால் ஒரு நீலத் தார்ப்பாய், அதன்மேல் இடுப்பளவுக் குவியல், பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு பெரியவர். நான் வாங்கப்போவதில்லை என்று முதல் பார்வையிலேயே கண்டுகொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பவில்லை. மொழி தெரியாததும் ஒரு வசதி. கைகளை மட்டும் கவனிக்கலாம்.

முதலில் வந்தவளுக்கு எழுபது வயதிருக்கும். பூ வேலைப்பாட்டையோ நிறத்தையோ அவள் பார்க்கவில்லை. விரல்கள் நேரே தையலுக்குப் போயின. ஓரத்தைத் திருப்பி, உள்ளே எத்தனை விரற்கடைத் துணி மடித்து விட்டிருக்கிறார்கள் என்று நெருடின. விவரம் தெரிந்தவர்கள் கிமோனோவை இப்படித்தான் பார்ப்பார்கள்போலும். கிமோனோத் துணிச் சுருள் ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் அகலம், 12 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம். ஒரு ஆளுக்கு அந்த ஒரு சுருள் போதும். வெட்டுவதெல்லாம் நேர்க்கோடு. அக்குளுக்கு வளைவில்லை, கழுத்துக்கு வளைவில்லை. கழிவாகப் போகும் துண்டும் இல்லை. அந்தக் காலத்தில் நன்றாகத் துவைக்க வேண்டுமானால் தையலையே பிரித்துவிடுவார்கள். துண்டுகளை வரிசையாக இணைத்துப் பழையபடி நீளத் துணியாக்கி, அலசி, விறைப்பாக இழுத்துக் கட்டிக் காயவைத்து, மறுபடி தைப்பார்கள். அம்மாவின் கிமோனோ மகளுக்கு அளவாகும், பிறகு மெத்தை உறையாகும், கடைசியில் தரை துடைக்கும். கிழவி இரண்டைப் பொறுக்கிப் பையில் திணித்துக்கொண்டாள்.

அடுத்து, சட்டை ஜீன்ஸில் நடுவயதுக்காரர் ஒருவர். ஆண்கள் கிமோனோவின்மேல் போடும் ஹவோரி ஒன்றை உருவினார். வெளியே வெறும் கறுப்பு, மருந்துக்குக்கூட ஒரு பூ இல்லை. உள்பக்கத்தைப் புரட்டினார். லைனிங் முழுக்க ஒரு கப்பல், சுற்றிலும் கொந்தளிக்கும் அலை. இந்த வழக்கத்தின் வேர் ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் இருக்கிறது. வியாபாரிகளிடம் பணம் கொழித்தது, அந்தஸ்து சாமுராய்களிடம் இருந்தது. எதை யார் உடுத்தலாம் என்று அரசு ஆணைமேல் ஆணை போட்டது. 1683இல் பொன்னிழை எம்பிராய்டரிக்கும் தடை வந்தது. வெளியே பழுப்பும் சாம்பலுமாக அடங்கி நடந்த வியாபாரி, பணத்தையெல்லாம் உள்பக்கம் கொட்டினான். 1870களில் அரசாங்கம் சொல்லி ஆண் அதிகாரிகள் கோட்டுக்கு மாறினார்கள். பெண்களுக்கு மட்டும் கிமோனோவே இன்னும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. பாரம்பரியத்தைக் காப்பாற்றும் வேலை எந்த ஊரிலும் பெண்கள் தலையில்தான் விடியும்.

குவியல் சரிந்தது. பெண்கள் விசேஷத்துக்கு உடுத்தும் கறுப்புப் பட்டு ஒன்று நழுவி என் காலருகே விழுந்தது. விளிம்பு நெடுக வெள்ளை நூலில் பெரிய பெரிய ஓட்டுத் தையல். முதன்முறை உடுத்தும்போது உருவி எறிய வேண்டிய நூல் அது. யாரும் உருவவில்லை. சீராக வந்து, பெட்டியில் கிடந்து, உடுத்தாமலே சந்தைக்கு வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பசிக் காலத்தில் நகரத்துப் பெண்கள் இந்த மாதிரிப் பட்டுகளை ஒவ்வொன்றாகக் கிராமத்துக்கு எடுத்துப்போய் அரிசிக்கு மாற்றினார்கள். மூங்கில் குருத்தின் மடலை ஒவ்வொன்றாக உரிப்பதுபோல என்று அவர்களே அந்த வாழ்க்கைக்குப் பெயர் வைத்தார்கள். அரிசியாகாமல் தப்பியவற்றுக்கு இந்தத் தார்ப்பாய்.

அடியில் ஒரு பருத்திக் கிமோனோ. செம்பழுப்பில் மெல்லிய கோடுகள். யாரும் தொடவில்லை, என் கண் மட்டும் அதிலேயே நின்றது. இந்த வகைக் கோட்டுத் துணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ‘சாந்தோமே’. நம் சாந்தோம்தான். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த துணியைப் பார்த்து இங்குள்ள நெசவாளர்கள் தாங்களே நெய்யத் தொடங்கினார்கள். எதிர்த்திசையிலும் ஒரு கதை நடந்தது. ஷோகன் அன்பளிப்பாகக் கொடுத்த பட்டு அங்கிகளை டச்சு வணிகர்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஹாலந்துக் கனவான்களுக்கு அந்தத் தளர்ச்சி பிடித்துவிட்டது. வெர்மீர் 1669இல் வரைந்த ‘புவியியலாளர்’ அப்படியோர் அங்கியில்தான் வரைபடத்தின்மேல் குனிந்திருக்கிறார். ஜப்பானிலிருந்து வந்தது போதவில்லை. அதே பாணி அங்கிகளைச் சோழமண்டலக் கரையின் பூச்சாயத் துணியிலும் தைத்து உடுத்தினார்கள்.

மூன்று வாடகைக் கிமோனோக்கள் சிரித்துக்கொண்டே கடந்து போயின. பாலியஸ்டர். சுற்றுலா வந்த பெண்கள். கையில் படமெடுக்கும் குச்சி. கடைக்காரர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

பிறகு ஓர் உயரமான ஐரோப்பியப் பெண். ஊதாப் பட்டு ஒன்றை எடுத்து ஜீன்ஸுக்கு மேலே கோட்டைப்போல மாட்டிக்கொண்டாள். கை முழங்கைக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. இடப்பக்கம் மேலே வர வேண்டும், வலப்பக்கம் மேலே வந்தால் பிணத்துக்கு உடுத்தும் முறை. அவளுக்கு அந்தக் கவலையே இல்லை. எந்தப் பக்கத்தையும் எதன்மேலும் போடாமல் திறந்துவிட்டாள். போகாமல் நின்றிருந்த கிழவியின் விரல்கள் ஒருமுறை துடித்து, பைக் காதை இறுக்கிக்கொண்டன.

பாரிஸ் செய்ததும் இதைத்தான். 1900 உலகக் கண்காட்சியில் ஜப்பானிய நடிகை சாதா யாக்கோ மேடையேறியதும், அவர் பெயரிலேயே கிமோனோ அங்கிகள் விற்பனைக்கு வந்தன. இடுப்பு நொறுங்க கார்செட் கட்டிய சீமாட்டிகளுக்குத் தோளிலிருந்து தொங்கும் ஓர் உடை பெரிய விடுதலை. ஆடை வடிவமைப்பாளர் போல் புவாரே அந்த வடிவில் கோட்டுகள் தைத்தார். மத்லேன் வியோனே தோளில் தனியாகத் தைத்துச் சேர்க்காத கிமோனோ கையை கவுனுக்குக் கொண்டுவந்தார். அதே காலத்தில் கியோட்டோப் பெண், கயிறுகளும் ஒபி என்ற நாலு மீட்டர் இடுப்புப் பட்டையும் மார்புக்குக் கீழே இறுக்க, நீட்டி ஓரடி வைக்க முடியாமல் நடந்துகொண்டிருந்தாள். பாரிஸ் துணியை எடுத்துக்கொண்டது, கட்டுகளைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டது. கடன் வாங்குவதில் தப்பில்லை. 2019இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் உடலை இறுக்கும் உள்ளாடைக்கு கிமோனோ என்றே பெயர் சூட்டப் பார்த்தார். கியோட்டோ மேயர் கடிதம் எழுதினார், பெயர் மாறியது. கடனுக்கும் களவுக்கும் நடுவே ஒரு கோடு உண்டுதானே.

நேர்க்கோட்டின் உண்மையான வாரிசுகள் பூப்போட்ட பட்டை விற்கவில்லை. 1981இல் ஜப்பானிய வடிவமைப்பாளர்கள் ரெய் கவாகுபோவும் யோஜி யமாமோட்டோவும் பாரிஸில் காட்டிய கறுப்புத் தொளதொள உடைகளில் ஒரு கொக்குப் படம்கூடக் கிடையாது. உடம்புக்கும் துணிக்கும் நடுவே கிமோனோ விடும் இடைவெளி மட்டும் இருந்தது. இஸ்ஸே மியாக்கே இன்னும் ஒரு படி போய், ஒரே குழாய்த் துணியிலிருந்து முழு உடையை வெட்டியெடுக்கும் வழி கண்டார். எழுபது வயதுக் கிழவி தையலை நெருடியதும் அவர் செய்ததும் எனக்கு வேறுவேறாகத் தெரியவில்லை.

ஊதாப் பட்டுக்குப் பேரம் கால்குலேட்டரில் நடந்தது. பெரியவர் ஓர் எண்ணை அழுத்திக் காட்ட, அவள் அழித்துவிட்டு வேறு எண்ணை அழுத்த, முடிந்தது. ஆயிரம் யென். அவர் குனிந்து, கியோட்டோவின் நிஷிஜின் தறியில் நெய்த ஓர் ஒபியை விரித்துக் காட்டினார். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தாள். பட்டு காற்றில் படபடக்கப் போய்விட்டாள்.

ஒபியை மடிப்பதற்குள் ஒரு தம்பதி வந்தார்கள். மனைவி செல்பேசியில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் படத்தைக் காட்டினாள். பெரியவர் ஒபியை முழு நீளத்துக்கும் உதறி விரித்து, முழம் போட்டுக் காட்டினார். மூவாயிரம் யென். அவர்கள் பேரம் பேசவில்லை.