தாமதமாக முளைக்கும் விதை

காய்ந்த விதை ஒன்றை ஈர மண்ணில் போட்டால் அது முதலில் என்ன செய்யும்? வேர் விடும் என்று சொல்வீர்கள். அதற்கும் முன்பே அது தன் டி.என்.ஏ.வைத் திருத்தத் தொடங்கிவிடும்.

டி.என்.ஏ. என்பது ஓர் உயிர் தன்னைக் கட்டிக்கொள்வதற்கான குறிப்பேடு. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் பட்டால், அதில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இரண்டு ஒட்டிக்கொள்ளும். செடியால் நிழலுக்கு ஓட முடியாது. ஆனால் அதனிடம் ஃபோட்டோலயேஸ் என்ற நொதி இருக்கிறது. அது அதே வெயிலின் நீல ஒளியை வாங்கி, அந்தச் சக்தியால் ஒட்டிய எழுத்துகளைப் பிரித்துவிடுகிறது. நம் உடம்பில் இந்த நொதி இல்லை. நாம் பழுதான துண்டை வெட்டியெடுத்து, அந்த இடத்தைப் புதிதாக நிரப்புகிறோம். செடிகளுக்கு அந்த வழியும் தெரியும்.

விதையின் நிலைமை வேறு. வருடக்கணக்கில் காய்ந்து கிடக்கும்போது டி.என்.ஏ.வில் பழுதுகள் சேர்ந்துகொண்டே போகும். சில இடங்களில் இழையே முறியும். தண்ணீர் கிடைத்த பிறகுதான் திருத்த வேலை சூடுபிடிக்கும். பழைய விதை என்றால் வேலை அதிகம்.

அம்மம்மா இறப்பதற்கு முன் தந்த பாகல் விதைகளை அம்மா ஒரு மருந்துப் போத்தலில் வைத்திருந்தார். சென்ற வருடம் அவற்றில் ஆறை ஒரு சாடியிலும், கடையில் வாங்கிய ஆறை இன்னொரு சாடியிலும் போட்டோம். கடை விதைகள் ஒன்பதாம் நாள் தலைகாட்டின. மற்றச் சாடியை அம்மா தினமும் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. பத்தொன்பதாம் நாள் இரண்டு முளைத்தன. மற்ற நான்கும் அழுகிப்போயிருந்தன.

அந்தத் தாமதத்துக்குக் காரணம் தேடியபோது 2016இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தினரும் மற்றவர்களும் செய்தது. ஏ.டி.எம். என்ற புரதம் விதைக்குள் காவலாளியாக நிற்கிறது. பழுது மிஞ்சியிருந்தால், “பொறு” என்று முளைப்பதைத் தள்ளிவைக்கிறது. அந்தப் புரதம் இல்லாத பழைய விதைகள் சீக்கிரமாக முளைத்தன. ஆனால் அவற்றின் குரோமோசோம்கள் சிதைந்திருந்தன.

நான் வேலை செய்யும் கணினித் துறையிலும் இதுதான் கதை. சோதிக்காமல் அவசரமாக வெளியிட்ட மென்பொருள் நள்ளிரவில் எங்களை எழுப்பும்.

இஸ்ரேலின் மசாடா கோட்டையில் கிடைத்த, சுமார் 2000 ஆண்டுப் பழைமையான பேரீச்சை விதை ஒன்று 2005இல் முளைத்தது. அது இன்று ஒரு மரம்.

நீங்களும் செய்து பாருங்கள். புதுப் பயறு பத்து, அலுமாரியின் மூலையில் பல வருடம் கிடந்த பயறு பத்து. இரண்டையும் ஈரத்துணியில் தனித்தனியாக வைத்து, எது எப்போது முளைக்கிறது என்று தினமும் எழுதிவையுங்கள். பழையது அசையாமல் கிடந்தால் இன்னும் சில நாள் விட்டுவையுங்கள். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம்.