பல்லடம்: பேரேட்டில் ஏறாத செலவு

சிங்காநல்லூரில் பஸ் ஏறினால், பல்லடம் வந்ததைக் கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை. விசைத்தறி காதுக்குச் சொல்லும்; கோழிப்பண்ணை மூக்குக்குச் சொல்லும்!

ஊரைத் தாண்டி உள்ளே போனால், தென்னைகளுக்கு நடுவே கிழக்கு மேற்காக நீள நீளக் கொட்டகைகள். வெயில் உள்ளே விழக்கூடாதென்று அந்தத் திசை. தரையில் தென்னை நார்த்தூள். அதன்மேல் ஆயிரக்கணக்கில் வெள்ளைக் கோழிகள், ரேஷன் கடை க்யூ மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு.

"ஏனுங்கண்ணா, எல்லாம் உங்க கோழிதானுங்களா?"

"கொட்டகைதான் நம்முளுதுங் தம்பி. குஞ்சு, தீனி, மருந்தெல்லாம் கம்பெனி குடுத்துரும். வளர்த்துக் குடுத்தா கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலிங்க."

சுமார் நாற்பது நாள், இரண்டு கிலோ. நடுவில் சீக்கு வந்தால் கூலி போச்சு. உலகம் முழுக்கப் பண்ணைகளில், சீக்கு வருமுன்பே தீனியிலும் தண்ணீரிலும் ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கம் வந்ததற்கு இந்த மாதிரி பயமும் ஒரு காரணம். கொஞ்சம் கொஞ்சமாக மருந்து போனால் நோஞ்சான் கிருமி சாகும். தாக்குப் பிடித்தது பெருகும். எச்சம் எருவாகி வயலுக்குப் போகிறது. கறி கடைக்குப் போகிறது. கிருமியும் கூடவே போகிறது, டிக்கெட் வாங்காமல்!

கொலிஸ்டின் என்று ஒரு மருந்து. எதற்கும் அடங்காத கிருமிக்கு ஐ.சி.யூ. டாக்டர்கள் கடைசியாகக் கையில் எடுப்பது. அதைப் போய்க் கோழிக்கும் கொடுத்தார்கள். சீனாவில் பன்றி, கடைக்கறி, நோயாளி என்று மூன்று இடத்திலும் அதற்கு மசியாத கிருமி இருப்பதாக 2015-ல் செய்தி வந்தது. அந்தச் சாமர்த்தியத்தை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றிவிடும் என்பதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. 2019 ஜூலையில் நம் மத்திய அரசு கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் கொலிஸ்டினுக்குத் தடை போட்டது.

நான் பி.காம். கணக்குப் பார்க்காமல் இருக்க முடியுமா? கோழி விலையில் குஞ்சு, தீனி, கரண்ட், லாரி வாடகை எல்லாம் சேர்கிறது. நாளைக்கு யாரோ ஒரு குழந்தைக்கு ஊசி வேலை செய்யாமல் போனால், அந்தச் செலவு மட்டும் எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

அதற்காகக் கறிக்கடையைக் கண்டு ஓட வேண்டாம். நன்றாகக் கொதித்த குழம்பில் கிருமி பிழைக்காது. கறி வெட்டிய கத்தியைக் கழுவாமல் அதிலேயே பச்சடிக்கு வெங்காயம் நறுக்காதீர்கள். சளிக்கெல்லாம் மருந்துக்கடையில் கைநீட்டி ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள்.

பாவம், கோழியைத் திட்டிப் பயனில்லை. அது கேட்டா மருந்து குடித்தது? நாமாவது கேட்டுக் குடிக்கலாமே!