மலைவளைவில் ஒரு மிடறு தண்ணீர்

சென்ற விடுமுறையில் போடியிலுள்ள எம் இல்லத்திற்கு வந்த பேத்தியோடு அமர்ந்து ஒரு சித்திரப்படம் பார்த்தோம். விக்டர் ஹியூகோ 1831-இல் எழுதிய புதினத்தைத் தழுவி, பாரீசு நோத்ருதாம் பேராலயத்துக் கூனனைப் பற்றி டிஸ்னி நிறுவனத்தார் 1996-இல் வெளியிட்ட படம் அது. (நூலில் கொடியவனாக வருபவர் ஒரு குருவானவர், படத்தில் அவரை நீதிபதியாக்கிவிட்டனர். நமக்கு அதில் வருத்தமில்லை!)

ஊரே கூடிக் கூனனைக் கட்டிவைத்து எள்ளி நகையாடுகையில், துணிந்து சென்று கட்டறுத்து விடுபவள் எஸ்மரால்டா என்னும் நாடோடிக் குலப்பெண். நூலிலோ அவன் வறண்ட வாயில் தண்ணீர் வார்ப்பவளும் அவளே. படத்தில் ஆலயத்தினுள் அடைக்கலம் புகுந்த வேளையிலும் தனக்கென ஏதும் வேண்டாது, ஒதுக்கப்பட்ட தன் மக்களுக்காகவே அவள் மன்றாடுகிறாள்.

“தாத்தா, இந்த அக்கா நம்ம பஸ் ஸ்டாண்டுல ஊசிமணி பாசிமணி விக்கிறவங்க மாதிரியா?” என்றாள் பேத்தி.

குழந்தையின் கேள்வியில் பொருளுண்டு. ரோமா எனப்படும் அம்மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவினின்று புறப்பட்டவர்கள். தண்ணீரை இன்றும் ‘பானி’ என்றே அழைக்கின்றனர். நம் நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலியும் வடமொழிக் குடும்பத்தையே சார்ந்தது. இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான்.

ஸ்பெயின் நாட்டில் இக்குலத்தில் பிறந்து, கூடை முடைந்து பிழைத்த எமிலியா பெர்னாண்டஸ் என்னும் இளம்பெண், உள்நாட்டுப் போர்க்காலத்தில் கருவுற்றிருந்த நிலையில் சிறைப்பட்டார். அங்கே தமக்குச் செபமாலை கற்பித்த தோழியைக் காட்டிக்கொடுக்க மறுத்தார். பெண்மகவை ஈன்ற சில நாட்களில், 1939 ஜனவரியில் உயிர் நீத்தார். 2017 மார்ச் 25-இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது.

இவற்றையெல்லாம் சொல்லிவந்த நாம், சொல்லாதிருந்த ஒன்றையும் அன்று சொன்னோம்.

பல்லாண்டுகளுக்கு முன், ஏலக்காய் எடுப்புக் காலம். போடிமெட்டினின்று இறங்கிய பேருந்து கொண்டையூசி வளைவொன்றில் பழுதாகி நின்றது. எம் அன்னையார் வாந்தியால் துவண்டு சாலையோரம் சாய்ந்துவிட்டார். இடுப்பில் குழந்தையோடிருந்த நரிக்குறவப் பெண்ணொருத்தி தன் குவளையில் தண்ணீர் கொணர்ந்து நீட்டினாள். “வேண்டாம், வேறு வண்டி வந்துவிடும்” என்று இடைமறித்தோம். அன்னையார் எம்மை ஒருமுறை நோக்கினார். பின் குவளையை வாங்கிப் பருகினார். அவளோ ஒன்றும் பேசாது தன் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

போடி வந்து சேர்ந்ததும் காசு கொடுத்தோம். வாங்க மறுத்தாள். “ஊசி வாங்கிக்க சாமி, அதுக்குக் குடு” என்றாள். அந்த ஊசிகளுள் இரண்டு, அன்னையாரின் தையற்பெட்டியில் இன்றும் உள்ளன. எடுத்து வந்து காட்டினோம்.

பேத்தி ஒன்றைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

“அந்தத் தண்ணியை நீங்களும் குடிச்சீங்களா தாத்தா?”

இல்லை என்றோம்.