கதவு ஏன் சேரவில்லை



டெக்ஸாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்கு வெளியே நாங்கள் குடியிருப்பது ‘மொபைல் ஹோம்’ எனப்படும் வீடு. தொழிற்சாலையில் கட்டி முடித்து, சக்கரங்களின் மீது இழுத்துவந்து நிறுத்துவார்கள். 1976 ஜூன் 15 முதல் இவ்வகை வீடுகளுக்கு அமெரிக்க மத்திய அரசின் கட்டுமான விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதற்குப் பிந்தியவற்றைச் சட்டம் வேறு பெயரால் அழைத்தாலும் மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துப் பெறும் சம்பளத்தில் எங்களுக்கு இயன்ற வீடு இதுவே. அல்ஹம்துலில்லாஹ்.

சென்ற கோடையில் மகனுடைய அறைக் கதவின் தாழ்ப்பாள் சேராமற்போனது. நிலையின் மேல் மூலை ஒன்றில் விரல் நுழையும் இடைவெளி. எதிர் மூலையில் கதவு உரசியது. பதினான்கு வயதுப் பிள்ளை. கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துகிறவன். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவனுடைய தோழர்கள் இருவர் வந்திருந்த நேரத்திலேயே கடிந்துகொண்டேன். கீல் மாற்றும் செலவுக்கென்று அவனுடைய கைச்செலவுப் பணத்தில் நாற்பது டாலரைப் பிடித்தும்கொண்டேன். “நான் உடைக்கல வாப்பா” என்று ஒருமுறை சொன்னான். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. புதிய கீலும் பயன் தராததால், உரசும் மூலையை இழைப்புளியால் சீவிவிட்டேன்.

சில வாரங்களில், வாஷிங் மெஷின் துணி பிழியும் நேரத்தில் வீடே அதிரத் தொடங்கியது. அலமாரிக் கோப்பைகள் கிணுகிணுக்கும்; மெஷின் சுவரை விட்டு ஒரு சாண் நகர்ந்து நிற்கும். போர்வைகளை அளவுக்கு மீறித் திணிப்பதாக மனைவியிடம் குறைப்பட்டேன். மெஷினின் கால்களைத் திருகி நான்கும் தரையில் பதியுமாறு வைத்தேன். நான்கு நாளில் மீண்டும் அதே ஆட்டம். (தவறான எண்ணங்களைத் தவிர்க்கச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தை நான் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்ததும் அதே வாரங்களில்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

உண்மையைக் காட்டியது ஒளுச் செய்த தண்ணீர். ஒருநாள் சுப்ஹு நேரத்தில் தரையில் சிந்திய நீர் நேரே மகனுடைய அறைப் பக்கம் ஓடிச் சுவரோரம் தேங்கியது. கோலிக்குண்டு ஒன்றை வைத்துப் பார்த்தேன். அதுவும் அவ்வழியே உருண்டது.

இத்தகைய வீடுகளை மட்டம் செய்வதையே தொழிலாகக் கொண்ட மெக்ஸிகோ நாட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்தேன். வீட்டின் அடியை மறைத்திருந்த பலகையைக் கழற்றிக் காட்டினார். நம் ஊர் வீடுகளைப் போல் அஸ்திவாரம் கிடையாது. இரண்டு நீண்ட இரும்பு உத்தரங்கள். அவற்றைத் தாங்குவன, கான்கிரீட் கற்களை அடுக்கிய குட்டைத் தூண்கள். கல்லுக்கும் இரும்புக்கும் இடையே மர ஆப்புகள். மண்ணோ ஈரத்தில் உப்பி, வறட்சியில் வெடிக்கும் களிமண். கோவில்பட்டிக் கரிசலை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மகனுடைய அறைக்குக் கீழிருந்த தூணின் அருகே ஏசியின் நீர் ஓயாது சொட்டி, மண் குழைந்து, தூண் தாழ்ந்திருந்தது. அந்தக் குழாயை அங்கே திருப்பிவிட்டவன் நானே. சுவரோரப் புதினாச் செடிக்குப் பயன்படட்டும் என்று!

பெரியவர் நிறம் கலந்த நீர் நிரம்பிய நீண்ட பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். காயல்பட்டினத்தில் எங்கள் வீடு கட்டியபோது கொத்தனார் பிடித்த அதே டியூப் மட்டம்! ஒரு முனையை மகன் பிடித்துக்கொண்டான். முக்கால் அங்குலத் தாழ்வு தெரிந்தது.

முதலில் எரிவாயுவை அடைக்கச் சொன்னார். பிறகு உத்தரத்தின் கீழே தடித்த மரக்கட்டையின் மேல் ஹைட்ராலிக் ஜாக்கியை வைத்தார். ஒரே மூச்சில் தூக்கினால் சுவர்ப் பலகை விரியும், குழாய் இணைப்பு விட்டுப்போகும். ஆகவே சிறிது தூக்குவார், பொறுப்பார், அடுத்த தூணுக்குச் செல்வார். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் கீழே நுழையக் கூடாதென்று பக்கத்திலேயே கட்டைகளை அடுக்கினார். காணொளி பார்த்து இதைத் தனியே செய்ய முனையாதீர்கள் என்று வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன். உயரம் சரியானதும் ஆப்புகளை எதிரெதிரே இணையாக அடித்து இறுக்கினார். புயலுக்காக வீட்டைத் தரையோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகளையும் முறுக்கேற்றினார். எரிவாயு இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவில்லை என்று உறுதிசெய்தார். ஏசிக் குழாய் வீட்டை விட்டு அப்பால் நீட்டப்பட்டது.

மாலையில் அறைக் கதவை ஒரு விரலால் தள்ளினேன். தாழ்ப்பாள் தானே விழுந்தது. மனைவி சுழலும் மெஷினின் மீது ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போனார். தண்ணீர் சிந்தவில்லை.

நாற்பது டாலரை மகனிடம் நீட்டி, தவறு என்னுடையது என்றேன். அவன் உடனே வாங்கவில்லை.

“நாளைக்கு அவங்க ரெண்டு பேரும் வருவாங்க வாப்பா. அப்பச் சொல்லுங்க.”

மறுநாள் அவர்கள் முன்னிலையில் சொன்னேன். பணத்தையும் அப்போதுதான் வாங்கிக்கொண்டான்.

நான் இழைப்புளியால் சீவிய மூலையில் மட்டும், வீடு நிமிர்ந்த பிறகு, புதிதாக ஓர் இடைவெளி தெரிகிறது. இரவில் அறை விளக்கின் வெளிச்சம் அதன் வழியே கூடத்தில் விழும். மகன் அதில் ரப்பர் பட்டை ஒன்றை ஒட்டியிருக்கிறான்.